ரெசல்யூஷனா, ஹெர்ட்ஸா? தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் மானிட்டர் வாங்குகிறவர்களுக்கு

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நேரமில்லாதவர்கள் இதோடு கிளம்பலாம். நாள் முழுக்க எழுத்தும் எண்ணும் பார்க்கிற வேலை என்றால் காசை முதலில் ரெசல்யூஷனில், அதாவது திரையில் அடங்கும் புள்ளிகளின் எண்ணிக்கையில் (ஃபுல் எச்டி, கியூஎச்டி, 4கே எல்லாம் அதன் பெயர்கள்), போடுங்கள், ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு எத்தனை முறை படம் புதுப்பிக்கப்படுகிறது என்பது, 75, 100 என்று கூடவே வருவது போதும். மேசையும் பட்ஜெட்டும் சின்னது என்றால் 24 இன்ச் ஃபுல் எச்டி. இன்னும் கொஞ்சம் செலவு செய்ய முடியும் என்றால் 27 இன்ச் கியூஎச்டி. 27 இன்ச்சில் ஃபுல் எச்டி மட்டும் வேண்டாம். அட்டைப்பெட்டியில் பெரிசாக 144, 165, 180 என்று அச்சடித்திருப்பது கேம் ஆடுகிறவர்களுக்கு. 4கே நல்லதுதான், ஆனால் அதற்குச் சில நிபந்தனைகள் உண்டு, கீழே வருகிறது.

தருமபுரி நாலு ரோடு பக்கம் போனாலும் சரி, கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் போனாலும் சரி, பஸ் ஏறி பெங்களூரு எஸ்.பி. ரோடே போனாலும் சரி, கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை இன்ச் வேணும்?" என்பதுதான். அவர்மேல் தப்பில்லை, வருகிறவர்களும் இன்ச்சில்தான் கேட்கிறார்கள். ஆனால் இன்ச் என்பது மூலைக்கு மூலை நீளம், அவ்வளவுதான். அந்த நீளத்துக்குள் எத்தனை புள்ளி (பிக்சல்) அடங்கியிருக்கிறது என்பதை வைத்துத்தான் எழுத்து தெளிவாக இருக்குமா, பிசிறடிக்குமா என்று முடிவாகிறது. ஃபுல் எச்டி என்றால் குறுக்கே 1920, நெடுக்கே 1080, மொத்தம் ஏறக்குறைய 20 லட்சம் புள்ளி. கியூஎச்டி என்றால் 2560க்கு 1440, கிட்டத்தட்ட 37 லட்சம். 4கே என்றால் 3840க்கு 2160, 83 லட்சத்தை ஒட்டி, அதாவது ஃபுல் எச்டி போல நான்கு மடங்கு. ஒரே ஃபுல் எச்டியை 24 இன்ச்சிலும் பரப்பலாம், 27 இன்ச்சிலும் பரப்பலாம். பரப்பப் பரப்ப ஒவ்வொரு புள்ளியும் பெரிதாகும், எண்ணிக்கை ஏறாது.

இதை ஓர் இன்ச்சுக்கு எத்தனை புள்ளி என்று கணக்குப் போடுவார்கள். 24 இன்ச் ஃபுல் எச்டியில் சுமார் 92. அதே ஃபுல் எச்டி 27 இன்ச்சில் சுமார் 82. 27 இன்ச் கியூஎச்டியில் 109. 27 இன்ச் 4கேயில் 163. யாரும் கண்டுகொள்ளாத 21.5 இன்ச் ஃபுல் எச்டியில் 102, தெளிவு அருமையாக இருக்கும், ஆனால் எழுத்து பொடிசாகிவிடும் என்பதால் இளவட்டங்களுக்கு மட்டும். பழைய 18.5 இன்ச், 1366க்கு 768 மானிட்டர் இன்னமும் நம் ஊர் அலுவலகங்களில் ஓடிக்கொண்டிருக்கிறதே, அதில் 85. அதாவது அந்தப் பழசை எடுத்துவிட்டு "பெரிசா இருக்கட்டும்" என்று 27 இன்ச் ஃபுல் எச்டி வாங்கினால் திரையில் இடம் கூடும், ஆனால் தெளிவு பழசைவிட ஒரு படி குறையும். புதுசு வாங்கியும் கண்ணு வலிக்குதே என்று புலம்புகிறவர்களிடம் மாடல் பெயரைக் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் இந்த வகையில்தான் மாட்டியிருப்பார்கள்.

தெளிவு போதுமா இல்லையா என்பது நீங்கள் உட்காரும் தூரத்தையும் பொறுத்தது. நல்ல பார்வை, அதாவது கண் டாக்டர் 6/6 என்று எழுதும் பார்வை, ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு அளவுள்ள நுணுக்கத்தைப் பிரித்துப் பார்க்கும். அதை வைத்துக் கணக்குப் போட்டால், 24 இன்ச் ஃபுல் எச்டியில் புள்ளிகள் தனித்தனியாகத் தெரியாமல் இருக்க ஏறக்குறைய 95 செ.மீ. தள்ளி உட்கார வேண்டும். 27 இன்ச் ஃபுல் எச்டிக்கு ஒரு மீட்டருக்கு மேல். 27 இன்ச் கியூஎச்டிக்கு 80 செ.மீ., 27 இன்ச் 4கேக்கு 53. நாம் யாரும் ஒரு மீட்டர் தள்ளி உட்காருவதில்லை. கீபோர்டை இழுத்து வைக்கிற தட்டு உள்ள அந்த ரெடிமேட் கம்ப்யூட்டர் டேபிளில் கண்ணுக்கும் திரைக்கும் இரண்டடி இருந்தால் பெரிசு, ரசீது போடும் கவுன்ட்டரில் அதுவும் கிடையாது. இரண்டடியில் புள்ளி துளிகூடத் தெரியக்கூடாது என்றால் 4கேதான் வழி. கியூஎச்டியில் உற்றுப் பார்த்தால் தெரியும், வேலையில் மூழ்கினால் தெரியாது. 24 ஃபுல் எச்டி சமாளிக்கலாம் ரகம்.

தமிழில் வேலை செய்கிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம், பலரும் இதை யோசிப்பதே இல்லை. இங்கிலீஷ் எழுத்து நேர்கோடும் அரைவட்டமும்தான், புள்ளி குறைந்தாலும் தாங்கும். தமிழ் அப்படியல்ல. சாதாரண அளவில் டைப் செய்த ஓர் எழுத்தின் உடம்புக்கு உயரத்தில் ஏழெட்டு பிக்சல்தான் கிடைக்கிறது. அந்த ஏழெட்டுக்குள் ண என்ற எழுத்தின் மூன்று சுழியும் அடங்க வேண்டும், ன என்பதன் இரண்டு சுழியிலிருந்து அது வேறுபட்டும் தெரிய வேண்டும். கெ, கே இரண்டுக்கும் வித்தியாசம் கொம்பின் தலையில் இருக்கும் ஒரு சின்னச் சுழிதான். எ, ஏ இரண்டுக்கும் அடியில் ஒரு சின்ன இழுப்பு. மெய்யெழுத்தின் தலைப்புள்ளி ஒன்றிரண்டு பிக்சல். பட்டா, சிட்டா, வாரிசுச் சான்று என்று இ-சேவை மையத்தில் நாள் முழுக்கப் பெயர் அடிக்கிறவரைக் கேளுங்கள். கோவிந்தன் கொவிந்தன் ஆவதும், கணேசன் கனேசன் ஆவதும் அடிக்கிறவருக்குத் தமிழ் தெரியாததால் அல்ல, திரையில் இரண்டும் ஒரே மாதிரி தெரிவதால். பிரிண்ட் எடுத்த பிறகுதான் தெரியும், அதற்குள் விண்ணப்பம் போயிருக்கும். 82 புள்ளி மானிட்டரிலிருந்து 109 புள்ளி மானிட்டருக்கு மாறி, எழுத்தின் பருமன் அதேயாக இருக்கும்படி வைத்துக்கொண்டால், ஒவ்வொரு எழுத்துக்கும் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு பிக்சல் கூடுதலாகக் கிடைக்கும், அகலத்திலும் அப்படியே. ண என்பதன் நடுச்சுழி அடைபடாமல் தெரிய அது போதும்.

அதனால் கடையில் ஆன் செய்து காட்டும்போது அருவியும் கிளியும் ஓடுவதைப் பார்த்து மயங்காதீர்கள். ஒகேனக்கல் எந்த மானிட்டரிலும் அழகாகத்தான் இருக்கும். பென் டிரைவில் உங்கள் வேலை பிடிஎஃப் ஒன்று, ஒரு எக்செல் கொண்டு போய், "அண்ணா, இதைக் கொஞ்சம் திறங்க" என்று கேளுங்கள். சலித்துக்கொண்டாலும் திறந்து காட்டுவார்கள்.

பெரிய எழுத்து வேண்டும் என்கிறவர்களுக்கு

காவேரிப்பட்டணம் பக்கம் மாங்காய் மண்டியில் கணக்கு எழுதும் என் சித்தப்பா மாதிரி ஆட்களின் தேவை வேறு. "தெளிவெல்லாம் எனக்கெதுக்குப்பா, எழுத்து பெருசா தெரிஞ்சா போதும்" என்பார். "பெருசாவும் தெரியும் சித்தப்பா, தெளிவாவும் தெரியும், 24லேயே பண்ணலாம்" என்றால் நம்ப மாட்டார். நாற்பதைத் தாண்டிய யாருக்கும் இந்தக் கேள்வி வரும், வெள்ளெழுத்து கண்ணாடி மூக்கில் ஏறிவிட்டது, அப்போது 27 இன்ச் ஃபுல் எச்டி நியாயமாகத்தான் தோன்றும். அதே எழுத்து, பெரிய திரையில் பெரிதாக.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். விண்டோஸில் ஸ்கேலிங் என்று ஒன்று இருக்கிறது, 100, 125, 150 சதவீதம் என்று எழுத்தையும் பட்டனையும் சேர்த்துப் பெரிதாக்கும். 24 இன்ச் ஃபுல் எச்டியில் 125 வைத்தால், 27 இன்ச் ஃபுல் எச்டியில் 100 வைத்ததைவிட எழுத்து பத்து சதவீதம் பெரிசாகவே இருக்கும், கூடவே தெளிவாகவும் இருக்கும், விலையும் குறைவு. இழப்பு என்ன என்றால் திரையில் அடங்கும் விஷயம் குறையும், அது 1536க்கு 864 மானிட்டர் போல நடந்துகொள்ளும். எக்செல்லில் சாதாரண வரிசை 20 பிக்சல் உயரம், மேலே கீழே மெனுவுக்குப் போக 100 சதவீதத்தில் முப்பத்தெட்டு வரிசை போலத் தெரிந்தது 125இல் இருபத்தெட்டு ஆகும். ரசீது போடுகிறவருக்கு அது பெரிய விஷயமில்லை. வருஷக் கணக்கு பார்க்கும் ஆடிட்டர் ஆபீசுக்குப் பெரிய விஷயம். அவர்கள் 27 கியூஎச்டியில் 125 வைக்கட்டும். எழுத்து 24 ஃபுல் எச்டியின் பருமனைவிடக் கொஞ்சம் பெரிசாக, தெளிவு கூடுதலாக, திரையில் 2048க்கு 1152 இடம். என்னைக் கேட்டால் நடுத்தர வயதுக் கண்ணுக்கு இதைவிட நல்ல கூட்டணி இல்லை.

எழுத்தைப் பெரிதாக்க ரெசல்யூஷனைக் குறைக்கிற பழக்கம் ஒன்று நம்மிடம் உண்டு. ஃபுல் எச்டி மானிட்டரை வாங்கி 1280க்கு 720 என்று வைத்துவிட்டு, "இப்போ நல்லா தெரியுது" என்பார்கள். திரையில் இருக்கும் புள்ளிகள் 1920க்கு 1080தான், அதற்குக் குறைவாகக் கொடுத்தால் ஒரு புள்ளியை ஒன்றரைப் புள்ளியாக இழுத்துக் காட்ட வேண்டும், அரைப் புள்ளி என்று எதுவும் இல்லாததால் ஓரமெல்லாம் மங்கும். ரெசல்யூஷன் அந்த மானிட்டரின் முழு அளவிலேயே இருக்கட்டும், ஸ்கேலிங்கை மட்டும் தொடுங்கள்.

கியூஎச்டியா 4கேயா என்ற கேள்வி

27 இன்ச் 4கேயை 150 சதவீதத்தில் வைத்தால் திரையில் அடங்கும் இடம் 2560க்கு 1440, அதாவது கியூஎச்டியில் 100 வைத்ததும் அதுவும் ஒன்றே. ஒரு வரிசை கூடுதலாகத் தெரியாது. கூடுவது தெளிவு மட்டும்தான், அந்தத் தெளிவு உண்மையிலேயே கண்ணுக்கு இதமானது, தமிழ் எழுத்து அச்சுப் புத்தகம் மாதிரி இருக்கும். விலை எழுதினால் அடுத்த வாரமே மாறிவிடும், அதனால் விகிதமாகச் சொல்கிறேன்: 24 ஃபுல் எச்டி ஒரு பங்கு என்றால் 27 கியூஎச்டி இரண்டு பங்கை ஒட்டியும் 4கே மூன்று பங்கை ஒட்டியும் வரும்.

நிபந்தனைகள் என்று சொன்னேனே, அவை இதுதான். உங்கள் சிபியு 4கேயை 60 ஹெர்ட்ஸில் வெளியே அனுப்ப வேண்டும். எச்டிஎம்ஐ (படத்தை மானிட்டருக்கு அனுப்பும் துளை) 1.4 பதிப்பு உள்ள பழைய மதர்போர்டு 4கேயை 30 ஹெர்ட்ஸில்தான் அனுப்பும், படம் வரும், ஆனால் மவுஸை நகர்த்தினால் அம்புக்குறி பின்னாலேயே இழுபட்டு வரும், அரை மணி நேரத்தில் வெறுத்துவிடும். 60 வேண்டும் என்றால் எச்டிஎம்ஐ 2.0 அல்லது அதே வேலை செய்யும் டிஸ்ப்ளேபோர்ட் என்ற துளையின் 1.2 பதிப்பு வேண்டும். இரண்டாவது, நீங்கள் பயன்படுத்தும் சாஃப்ட்வேர் ஸ்கேலிங்கைப் புரிந்துகொள்ளும் வயசில் இருக்க வேண்டும். இங்கேதான் டிடிபி கடைக்காரர்கள் மாட்டுவார்கள். கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் போடும் கடைகளில் இன்னும் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு சாஃப்ட்வேர் ஓடுகிறது, அதன் கடைசிப் பதிப்பான 7 வந்தது 2001இல், அப்போது நம் ஊர்க் கடைகளில் 4கே மானிட்டர் என்ற பேச்சே இல்லை. விண்டோஸ் அதை 150க்கு இழுத்துக் காட்டும்போது மொத்த ஜன்னலும் மங்கலாகத் தெரியும், இழுக்காமல் விட்டால் டூல் ஐகான்கள் எறும்பு சைஸ் ஆகும். பழைய கோரல்டிராவுக்கும் இதே கதை. அந்தக் கடைகளுக்கு 27 கியூஎச்டி, ஸ்கேலிங் 100, அதுதான் சரி. எழுத்து சின்னதாகத் தெரிந்தால் அந்த சாஃப்ட்வேருக்குள்ளேயே பக்கத்தை ஜூம் செய்துகொள்ளலாம்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு இது தலைகீழ். ஓசூரில் இருந்துகொண்டு பெங்களூரு கம்பெனிக்கு வேலை பார்க்கிறவர்களில் பலரிடம் மேக்புக் இருக்கிறது. 2018இல் வந்த மேக் இயங்குதளத்தின் மொஹாவே பதிப்பிலிருந்து ஆப்பிள், பிக்சலின் சிவப்பு, பச்சை, நீலத் துண்டுகளைத் தனித்தனியாகப் பயன்படுத்தி எழுத்தின் ஓரத்தை நேர்த்தியாக்கும் வேலையை நிறுத்திவிட்டது. அதனால் கியூஎச்டி மானிட்டரில் மேக்கின் எழுத்து விண்டோஸில் தெரிவதைவிடச் சோகையாகத் தெரியும். மேக் என்றால் 4கேக்குக் கூடுதல் காசு கொடுப்பது நியாயம். யுஎஸ்பி-சி ஒரே கேபிளில் படமும் சார்ஜும் போகிற மாடலாகப் பார்த்தால் மேசையும் சுத்தமாக இருக்கும்.

32 இன்ச் கியூஎச்டி என்று ஒன்று விற்கிறார்கள். புள்ளி அடர்த்தி 24 ஃபுல் எச்டி மாதிரியே, அதாவது எழுத்து அதே பருமன், அதே தெளிவு, இடம் மட்டும் கூடுதல். ஆழமான மேசை இருந்தால் மோசமில்லை. 32இல் 4கே என்றால் 138 புள்ளி, அருமை, ஆனால் இரண்டடியில் உட்கார்ந்தால் கழுத்தைத் திருப்பித் திருப்பித்தான் பார்க்க வேண்டும்.

வீட்டில் இருக்கும் 32 இன்ச் டிவியைக் கம்ப்யூட்டரில் மாட்டினால் என்ன என்று கேட்பவர்களுக்கு: எச்டி ரெடி என்று எழுதியிருந்தால் அது 1366க்கு 768, ஓர் இன்ச்சுக்கு 49 புள்ளி, மூன்றடி தள்ளி உட்கார்ந்தாலும் கட்டம் கட்டமாகத் தெரியும். படம் பாருங்கள், கணக்கு எழுதாதீர்கள்.

இரண்டு 24 இன்ச் வாங்குவதா, ஒரு 27 கியூஎச்டி வாங்குவதா என்பது இன்னொரு நல்ல கேள்வி, விலை ஏறக்குறைய ஒன்றாகத்தான் வரும். இரண்டு ஃபுல் எச்டி சேர்ந்தால் 41 லட்சம் பிக்சல், கியூஎச்டியைவிட அதிகம். ஒன்றில் மீட்டிங், இன்னொன்றில் வேலை என்று ஓடுகிறவர்களுக்கு, ஒரு பக்கம் ஸ்கேன் செய்த ஆவணத்தை வைத்து இன்னொரு பக்கம் டைப் செய்கிறவர்களுக்கு, இரண்டு 24தான் வசதி. பேனர் டிசைன், நீளமான எக்செல் தாள் என்றால் நடுவில் கோடு விழாத ஒரே 27. ஒரு நிபந்தனை: ஒரே மாடலாக இரண்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் ஒன்றின் வெள்ளை மஞ்சளாகவும் இன்னொன்றின் வெள்ளை நீலமாகவும் தெரிந்து எரிச்சலாகும்.

ஹெர்ட்ஸ்: எதுவரை லாபம்

ஹெர்ட்ஸ் என்பது திரை ஒரு நொடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்ற கணக்கு. (நம்ம கரண்டே 50 ஹெர்ட்ஸ்தானே, 144 மானிட்டர் ஓடுமா என்று ஒரு சந்தேகம் சுற்றுகிறது. ஓடும். உள்ளே போகும் கரண்டை முதலில் டிசியாக மாற்றித்தான் மானிட்டர் வேலையே செய்கிறது, இரண்டுக்கும் சம்பந்தமில்லை.)

60 ஹெர்ட்ஸ் என்றால் கண் கெட்டுவிடும் என்ற பயம் டப்பா மானிட்டர் காலத்தது. அந்தக் குழாய்த் திரையில் ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் இடையே வெளிச்சம் மங்கி மறுபடி எரியும், 60இல் அந்த மினுக்கல் கண்ணில் தட்டும், அதனால்தான் 75, 85 வைக்கச் சொன்னார்கள். இப்போதைய எல்சிடி திரை அப்படி அணைந்து எரிவதில்லை. அடுத்த படம் வரும்வரை பழைய படத்தை அப்படியே பிடித்து வைத்திருக்கும். நிலையாக நிற்கும் ஒரு பக்கத்தைப் படிக்கும்போது 60க்கும் 240க்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

வித்தியாசம் நகரும்போது வரும். நூறு பக்கப் பிடிஎஃபை ஸ்க்ரோல் செய்யும்போது எழுத்து நொடிக்கு 960 பிக்சல் வேகத்தில் ஓடுகிறது என்று வையுங்கள். 60 ஹெர்ட்ஸில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் அது 16 பிக்சல் தாவும், கண் அதைப் பின்தொடர்வதால் அந்த 16 பிக்சலும் குழைந்து தெரியும். 120இல் எட்டுதான். அதனால் ஓடும்போதே எங்கே நிறுத்துவது என்று படித்துவிடலாம். இந்தச் சௌகரியம் உண்மை. ஆனால் அது ஏற ஏறக் குறைகிற லாபம். 60இல் ஒரு படம் நிற்பது 16.7 மில்லிசெகண்ட், 100இல் 10. ஆக 60லிருந்து 100க்குப் போனால் 6.7 மிச்சம். 100லிருந்து 144க்குப் போனால் மூன்று. அங்கிருந்து 240க்குப் போனாலும் இன்னொரு மூன்றுகூட வராது. வேலைக்கு வாங்குகிறவர் 100இல் நின்றுவிடலாம், அதற்குமேல் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் ரெசல்யூஷனுக்குப் போயிருக்க வேண்டிய ரூபாய். இப்போது சாதாரண ஆபீஸ் மாடல்களே 100இல் வருவதால் 60 மாடலைத் தேடிப் போய் வாங்க வேண்டியதும் இல்லை.

நொடிக்கு அறுபது படம் என்று எடுத்த வீடியோ 100 ஹெர்ட்ஸ் திரையில் சமமாகப் பிரியாது, கூர்ந்து பார்த்தால் லேசாகத் தட்டும். கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர்கள் மட்டும் எடிட் செய்யும் நேரத்தில் 60க்கு மாற்றிக்கொள்ளலாம், அல்லது 120 வாங்கலாம், 24, 30, 60 மூன்றும் அதில் மிச்சமில்லாமல் வகுபடும். மற்றவர்கள் இந்தப் பத்தியை மறந்துவிடுங்கள்.

கேம் ஆடுகிற கல்லூரிப் பையன்களுக்குக் கணக்கு மாறும். சுடும் விளையாட்டு என்றால் 144 நிச்சயம் உதவும், 24 ஃபுல் எச்டி 144 அல்லது 165 நல்ல தேர்வு, ஃப்ரீசிங்க் இருக்கிறதா என்று பாருங்கள், கிராபிக்ஸ் கார்டின் வேகத்துக்கு ஏற்ப ஹெர்ட்ஸ் ஏறி இறங்கி, படம் நடுவில் கிழிவது நிற்கும். ஆனால் தம்பி, தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத சிபியு 45 படம்தான் தள்ளுகிறது என்றால் 165 ஹெர்ட்ஸ் மானிட்டர் அதை 165 ஆக்கிவிடாது. அப்பாவிடம் கேட்கும் முதல் காசு கார்டுக்கு. அப்புறம் 4கேயில் கேம் என்பது ஃபுல் எச்டியைப் போல நான்கு மடங்கு புள்ளிக்கு நிறம் போடும் வேலை, அதை நடுத்தர கார்டு தாங்காது. பெட்டியில் போடும் "1 எம்எஸ்" (மில்லிசெகண்ட்) ஹெர்ட்ஸ் அல்ல, அது ஒரு புள்ளி நிறம் மாற எடுக்கும் நேரம், அதையும் எந்த நிலையில் அளந்தார்கள் என்று பெட்டி சொல்லாது.

கேபிளில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பெட்டியில் வரும் எச்டிஎம்ஐ கேபிளை விட்டுவிட்டு பழைய விஜிஏ கேபிளையே புது மானிட்டரில் மாட்டிவிடும் அலுவலகங்களை நிறையப் பார்க்கலாம். விஜிஏ படத்தை அலை வடிவில் அனுப்புகிறது, மானிட்டர் அதை மறுபடி புள்ளியாக்கும்போது எழுத்தின் ஓரம் நிழல் தட்டும். உங்கள் சிபியுவில் விஜிஏ மட்டும்தான் இருக்கிறது என்றால் கியூஎச்டிக்குப் போகாதீர்கள், முதலில் சிபியுவைக் கவனியுங்கள். கியூஎச்டியை 144இல் ஓட்ட எச்டிஎம்ஐ 2.0 அல்லது டிஸ்ப்ளேபோர்ட் 1.2 வேண்டும். சில மானிட்டர்களில் எச்டிஎம்ஐ துளைக்கு ஒரு வரம்பும் டிஸ்ப்ளேபோர்ட்டுக்கு அதைவிட அதிக வரம்பும் இருக்கும், விவரத் தாளில் துளை வாரியாகப் போட்டிருப்பார்கள், அதைப் படிக்காமல் வாங்க வேண்டாம்.

கண்வலிக்கு ரெசல்யூஷன் பாதி மருந்துதான், ஹெர்ட்ஸ் அதுவும் இல்லை. மீதி வெளிச்சத்தில் இருக்கிறது. புதுசாக வரும் மானிட்டர் கடையில் பளிச்சென்று தெரிவதற்காக ஏகத்துக்கு வெளிச்சம் வைத்து வரும். ஒரு வெள்ளைத் தாளைத் திரை ஓரத்தில் பிடியுங்கள், திரை அந்தத் தாளைவிட விளக்கு மாதிரி எரிந்தால் வெளிச்சத்தைக் குறையுங்கள், இரண்டும் ஒரே மாதிரி ஆகும்வரை. அப்படிக் குறைக்கும்போது சில மலிவு மானிட்டர்கள் பின்விளக்கை வேகமாக அணைத்து அணைத்து எரித்துத்தான் மங்கலாக்கும், சிலருக்குத் தலைவலி வருவது அதனால்தான். கடையிலேயே சோதிக்கலாம்: வெளிச்சத்தைக் கால்வாசிக்குக் குறைத்து, வெள்ளைத் திரை முன்னால் ஒரு பேனாவை விசிறி போல வேகமாக ஆட்டுங்கள். பேனா ஒரே புகையாகத் தெரிந்தால் நல்லது. தனித்தனிப் பேனாவாக அடுக்கித் தெரிந்தால் அந்த மாடல் வேண்டாம். பேனல், அதாவது திரையின் உள்தகடு, ஐபிஎஸ் வகையாக இருக்கட்டும், பழைய டிஎன் வகைப் பேனலில் நாற்காலியைக் கொஞ்சம் தாழ்த்தினாலே நிறம் மாறும். ரோட்டைப் பார்த்த கடை என்றால் பளபளப்புத் திரை வேண்டவே வேண்டாம், மத்தியானத்தில் உங்கள் முகமும் வெளியே நிற்கும் பைக்கும்தான் தெரியும்.

கரண்ட் செலவில் பெரிய வித்தியாசம் இல்லை. 24 ஃபுல் எச்டி ஏறக்குறைய 20 வாட், 27 4கே அதைப்போல இரண்டு மடங்கு. சிபியுவோடு சேர்த்து சின்ன யூபிஎஸ்ஸில் ஓட்டுகிறவர்கள், அடிக்கடி கரண்ட் போகும் ஊர்ப்பக்கம் இருப்பவர்கள், அந்த 20 வாட்டையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள், சேவ் செய்து மூட இரண்டு நிமிஷம் குறையலாம். உயரம் ஏற்றி இறக்கும் ஸ்டாண்ட் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் டெலிபோன் டைரக்டரி காலத்து வழிதான், அடியில் எதையாவது வைத்துத் திரையின் மேல் விளிம்பைக் கண் மட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்.

இன்னொன்று, ஆன்லைனில் ஆயிரம் ரூபாய் குறைகிறதே என்று பார்ப்பதற்கு முன் சர்வீஸ் சென்டர் எங்கே என்று பாருங்கள். அரூர், பென்னாகரம் பக்கம் இருப்பவர் சேலத்துக்கோ பெங்களூருக்கோ மானிட்டரைச் சுமந்துகொண்டு போக வேண்டியிருந்தால் அந்த ஆயிரம் ஒரே நாளில் கரைந்துவிடும், வீட்டுக்கே வந்து பார்ப்பார்களா என்பதை வாங்கும் முன்பே பின்கோடு சொல்லி விசாரித்துவிடுங்கள்.

வாங்கி மாட்டியதும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. விண்டோஸ் பல சமயம் 144 மானிட்டரையும் 60இலேயே ஓட்டும், கேட்காமல் ஏற்றாது. செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் டிஸ்ப்ளே, அங்கே அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போனால் ரெஃப்ரெஷ் ரேட் என்று ஒரு பட்டியல் வரும், அதில் பெரிய எண்ணைத் தேர்ந்தெடுங்கள். பெரிய எண் பட்டியலிலேயே இல்லை என்றால் கேபிளை டிஸ்ப்ளேபோர்ட்டுக்கு மாற்றிப் பாருங்கள். ரெசல்யூஷனுக்குப் பக்கத்தில் "ரெகமெண்டட்" என்று போட்டிருப்பது தேர்வாகியிருக்கிறதா என்பதையும் அதே மூச்சில் பார்த்துவிட்டு, அப்புறம் ஸ்கேலிங்கை 125இல் ஒருநாள், 100இல் ஒருநாள் வைத்து எது ஒத்துவருகிறது என்று முடிவு செய்யுங்கள்.